பெயரை எடுத்துவிட்டால் சிரிப்பு வருமா?

பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவை எண்டால் எங்கட ஆக்களுக்கு மிஸ்டர் பீன்தான் முதல்ல ஞாபகம் வரும். அவருக்கு முந்தின தலைமுறையில் ரொனி பார்க்கர் இருந்தார். ரொனி கோர்பெட்டோட சேர்ந்து 1971 முதல் 1987 வரை பிபிசியில் 'த டூ ரொனிஸ்' செய்தவர். 'பொரிட்ஜ்' தொடரில் சிறைக்கைதியாக வந்தவர். நடிப்பை விடுவம், எங்களுக்கு அவர் எழுதின விதம்தான் முக்கியம்.

1960களின் கடைசியில் டேவிட் ஃப்ரொஸ்டின் நிகழ்ச்சிக்கு ஜெரால்ட் வைலி எண்ட பெயரில் ஸ்கிரிப்டுகள் வரத்தொடங்கின. நல்ல ஸ்கிரிப்டுகள். ஆனால் ஆளை ஒருத்தரும் கண்டதில்லை. நாடகாசிரியர் டொம் ஸ்டொப்பார்டாக இருக்குமோ எண்டுகூட ஊகம் கிளம்பியது. ஒரு ஸ்கிரிப்டின் உரிமையை கோர்பெட் கேட்டபோது முதலில் 3000 பவுண் எண்டார்கள், பிறகு சும்மாவே கொடுத்தார்கள். பாவம் மனிசன், நன்றி சொல்லி வைலிக்குக் கண்ணாடிக் கிண்ணங்கள் வாங்கி அனுப்பினார்! கடைசியில் வைலியின் அழைப்பில் எல்லாரும் ஒரு சீன உணவகத்தில் கூடியிருக்க, பார்க்கர் எழும்பி நான்தான் வைலி எண்டார். உடனே நம்பினவர்கள் குறைவு.

ஏன் இந்த ஒளிப்பு? நட்சத்திரம் எழுதினது எண்டதுக்காக மற்றவர்கள் தலையாட்டக்கூடாது எண்டுதான். உண்மை தெரிஞ்ச பிறகும் அந்தப் பெயரை அவர் விடவில்லை. 1976இல் வந்த ஹாட்வெயார் கடைக் காட்சியும் வைலி பெயரில்தான். வாடிக்கையாளர் 'ஃபோர்க் ஹாண்டில்ஸ்' கேட்கிறார், தோட்ட முள்ளுக்குப் போடுற பிடி. கடைக்காரர் 'ஃபோர் கேண்டில்ஸ்' எண்டு விளங்கி நாலு மெழுகுதிரியை எடுத்து வைக்கிறார். அதில சிரிக்க எழுதினவர் யாரெண்டு தெரியத் தேவையில்லை.

எங்கட நாடகக் குழுக்களில் நடக்கிறது வேற. சீனியர் அண்ணா எழுதினது எண்டால் வாசிக்க முதலே சிரிக்கிறம். முதலாம் வருசத் தங்கச்சியின் பகிடிக்கு விளக்கம் கேட்கிறம். நாங்களும் செய்திருக்கிறம். ஸ்கிரிப்ட் தெரிவில் பெயரை மறைக்கவேணும் எண்டு நாங்கள் கேட்கிறது அதனால்தான்.

ஆனால் ஒண்டைச் சொல்லாமல் விடேலாது. வைலியின் ஸ்கிரிப்டுகள் பார்க்கரின் முகவர் ஊடாகத்தான் போனது. பெயர் மறைந்திருந்தாலும் கதவு ஏற்கெனவே திறந்துகிடந்தது. எங்கட தங்கச்சியின் கொப்பி மேசைக்கே வரேல்லை. பெயரை மறைக்கிறதுக்கு முதல், அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கவேணும்.