தோணிக்கயிறு

கொற்கைக் குளத்தருகே, அந்தப் பழைய வன்னி மரத்தின் பக்கத்தில், ஒரு மாலைப்பொழுது நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். தூத்துக்குடியிலிருந்து வாடகை வேனில் வந்தவர்கள். பாண்டியரின் துறைமுகம் என்று படித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் முதலில் தேடுவது கடலை. அது ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே ஒதுங்கிவிட்டது. இடையில் கிடப்பது பொருநை கொண்டுவந்து சேர்த்த வண்டல். படகில் வந்து இறங்கியிருக்கவேண்டிய ஊருக்கு வேனில் வந்திருக்கிறோமே என்று ஒருவர் குறைப்பட்டுக்கொள்ள, பேச்சு படகுப் பயணங்களின் பக்கம் திரும்பியது. கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய நண்பர் பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவை’ச் சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, “இதோடு கவிதை முடிந்துவிட்டது. இனி வருவது மேடைப்பேச்சு” என்றார்.

அன்று ஆரம்பித்த சண்டையை இங்கே எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காக: 1934இல் ஒரு முழுநிலா இரவில் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து கால்வாய் வழியாகப் படகில் மாமல்லபுரம் போனார். ப. ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம் குருசாமி, மயிலை சீனி. வேங்கடசாமி, நாரண துரைக்கண்ணன் ஆகியோர் உடன் சென்றவர்களில் சிலர். சுயமரியாதை இயக்கத்துக்குள் சமதர்மப் பேச்சு சூடாக இருந்த ஆண்டுகள் அவை. அந்தப் பயணத்தில் பிறந்ததுதான் இந்தப் பாடல். கால்வாயில் தோணி ஓடுகிறது, வேகம் கொள்கிறது, இயற்கை விரிகிறது. பிறகு ஓர் ஆள் கரையோடு நடந்து, தோணிக்கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பதைக் கவிஞர் காண்கிறார். இன்னொருவன் பின்புறத்தில் முதுகு கோணக் கோலை ஊன்றித் தள்ளுகிறான். உலகில் இன்பக் கரையேற உழைப்பவரின் தோள்வலியை விட்டால் வேறு வழி இல்லை என்று நண்பர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். நண்பர் மேடைப்பேச்சு என்றது இந்த இடத்தைத்தான்.

அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. பாரதிதாசனின் இயற்கை வருணனைகளை ரசித்துவிட்டு, உழைப்பாளர் வரும் இடத்தில் ‘பிரச்சாரம்’ என்று முகம் சுளிப்பது நம் சிற்றிதழ் வட்டாரத்தில் ஏறக்குறைய ஓர் ஆசாரமாகவே இருந்துவந்திருக்கிறது. நானும் அந்த ஆசாரத்தைக் கடைப்பிடித்தவன்தான்.

ஆனால் பக்கிங்காம் கால்வாயை நினைத்துப் பாருங்கள். ஆற்றைப் போல் படகை ஏந்திச் செல்லும் நீரோட்டம் அதற்குக் கிடையாது. காற்று வாய்த்தால் பாய் விரிக்கலாம். இல்லையென்றால் கோலும் கயிறும்தான் கதி. கடலில் போகும் தோணியில் பயணியும் மாலுமியும் ஒரே மரத்தின் மேல் இருக்கிறார்கள். கால்வாயிலோ இழுக்கிறவன் படகிலேயே இல்லை, கரையில் நடக்கிறான். நாம் உட்கார்ந்து பார்க்கும் காட்சிக்குள்ளேயே அவனும் இருக்கிறான். மரத்தையும் நிலவையும் பார்க்கிற கண் அவனைப் பார்க்காமல் தப்பிக்கவேண்டுமானால் தனியாக முயற்சி செய்யவேண்டும். பாரதிதாசன் பிரச்சாரத்தைக் கவிதைக்குள் கொண்டுவந்து நுழைக்கவில்லை. கண்ணில் பட்டதை அவர் விலக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கால்வாயின் கதையும் இதே கதைதான். 1806இல் வெட்டத் தொடங்கப்பட்டது. சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை 1877-78ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்கள் வெட்டினார்கள். பெயர் மட்டும் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுக்குப் போயிற்று. இன்று சென்னையில் அதற்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

நண்பர் கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் உண்டு. அந்த உழைப்பு வாசகத்தை ஒரு முறையல்ல, இருபது முறை சொன்னதாகக் கவிஞர் எழுதுகிறார். இருபது முறை சொன்னவர்களில் ஒருவராவது இறங்கிக் கயிற்றைப் பிடித்ததாகக் கவிதையில் இல்லை. பிடித்திருந்தால் எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். படகில் அமர்ந்தபடியே சமதர்மம் பேசும் தோழர்களை, தன்னையும் சேர்த்து, அந்த எண்ணிக்கை லேசாகக் கேலி செய்கிறதோ என்று எனக்கு ஓர் ஐயம். கவிஞர் அதை எண்ணி எழுதினாரோ இல்லையோ, எழுதியதில் அது கிடக்கிறது. பிரச்சாரக் கவிதை என்றால் தோழர்களை இறக்கிவிட்டுப் படகை இழுக்க வைத்திருக்கும்.

அடுத்து உடனே நிலவு வருகிறது. முத்துச் சிந்துவது போன்ற ஒளி. கடைசியில் அறுந்த முத்துமாலையாக விண்மீன்கள். காலையில் கரை வந்துவிடுகிறது. மாமல்லபுரத்தின் ஒரு சிற்பத்தைக்கூடக் காட்டாமல் கவிதை முடிந்துவிடுகிறது!

அந்த முத்துகளைக் கொற்கையில் உட்கார்ந்து கேட்டதனால்தான் இவ்வளவும் தோன்றியது. இந்தக் கரையில் முத்தும் கயிற்றின் வழியாகவே வந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி ஒருவன் மூழ்க, மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். அசைவு தெரிந்ததும் இழுக்கவேண்டும். தாமதித்தால் கீழே இருப்பவன் பிணம். மைத்துனனை நம்பித்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று இங்கே சொல்வதுண்டு; தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்க விடமாட்டான் என்ற கணக்கு. மன்னார் வளைகுடாவில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961இல். ஆக, கயிறிழுப்பவனைக் காட்டிவிட்டு முத்துக்குத் தாவுவதால் பாரதிதாசன் அவனைக் கைவிட்டு அழகியலுக்குத் திரும்பிவிட்டார் என்று தென்கரைக்காரனால் சொல்ல முடியாது. எங்களுக்கு முத்து என்றாலே இழுத்தவன் நினைவுதான்.

தலைப்பையும் சொல்லவேண்டும். ‘செலவு’ என்பது பழந்தமிழில் பயணம். தலைவன் பிரிந்துபோகத் துணிந்து, பின் மனம் தளர்ந்து நின்றுவிடுவதைச் செலவழுங்கல் என்றார்கள். இன்று அந்தச் சொல் பணத்துக்கு மட்டும் உரியதாகிவிட்டது. புதுச்சேரிக் கவிஞர் பழைய பொருளில்தான் வைத்திருப்பார். ஆனால் அந்த இரவில் உண்மையில் செலவழிந்தது எவருடைய உடம்பு என்று பார்த்தால், புதிய பொருளும் அங்கே போய்ப் பொருந்திக்கொள்கிறது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மீதியையும் சொல்லி முடித்தார், நல்ல குரல் அவருக்கு. பிறகு, “எல்லாம் சரி, ஆனாலும் இருபது தரம் கொஞ்சம் அதிகம்” என்றார்.