வீட்டுச் சூரிய மின்சாரமும் மீக்கொள்ளளவியும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தை நம்மவர் எளிதில் மறந்துவிடார். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தபோது வேறொரு பாடமும் கிடைத்தது. கூரைமேல் தகடுகள் இருந்தும், பற்றறி இல்லாத வீடுகளில், வெயில் எறித்த நண்பகலிலேயே மின்சாரம் நின்றது; பொதுவழங்கலோடு மட்டும் இணைந்த அமைப்பு அது நின்றதும் தானும் நிற்குமாறே ஆக்கப்பட்டுள்ளது. ஆதலின் மின்னைச் சேமித்து வைக்கும் கருவிகளில் மக்களுக்கு நாட்டம் மிகுந்திருப்பது இயல்பே. கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர் பலர், ஊரிலுள்ள பெற்றோரின் வீட்டுக்கென இதற்குப் பணம் அனுப்புகின்றனர். அப்பணம் வீண்போகலாகாதென்பதே எமது கவலை.

சந்தையிலே இப்பொழுது 'சூப்பர் கப்பாசிற்றர்' என்னும் மீக்கொள்ளளவி பெரிதும் பேசப்படுகின்றது. பற்றறி இனி வேண்டா, இதுவே வாழ்நாள் முழுதும் உழைக்கும் என்பார் சிலர். பற்றறியோடு சேர்த்தால் அதன் ஆயுள் பன்மடங்காகும் என்பார் வேறு சிலர். முன்னையது பிழை, பின்னையது மிகை என்பது எமது துணிபு.

மீக்கொள்ளளவி புதுமைப்பொருளன்று. 1957ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சார்ந்த பெக்கர் என்பார் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். பற்றறியில் இரசாயன மாற்றத்தால் மின் சேமிக்கப்படுகின்றது. மீக்கொள்ளளவியிலோ நுண்துளைக் கரியின் மேற்பரப்பில் ஏற்றங்கள் ஒட்டி நிற்பதே சேமிப்பாகும். அதனாலேயே அது இலட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினும் தளர்வதில்லை; நொடிப்பொழுதில் பெருமின்னோட்டத்தை ஈயவும் வல்லது. 2006இல் சாங்காய் நகரில் ஓடத்தொடங்கிய கொள்ளளவிப் பேருந்துகள் தரிப்பிடந்தோறும் சற்றே நின்று மின்னேற்றிச் செல்ல முடிந்தமைக்கு இதுவே காரணம்.

ஆயினும் அதன் வயிறு மிகச் சிறிது. கணக்கைப் பார்ப்போம். 2.7 உவோற்று, 3000 பரட்டுடைய ஒரு கலத்தில் அடங்குவது ஏறக்குறைய 3 உவாற்று மணி. ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 500 பரட்டும், நிறைந்த நிலையில் 18 உவாற்று மணியும் கிடைக்கும். அருகே நிற்கும் 12 உவோற்று, 100 அம்பியர் மணி ஈய அமிலப் பற்றறி ஒன்றோ 1200 உவாற்று மணி கொள்ளும். அத்தோடு முடியவில்லை. கொள்ளளவியின் அழுத்தம் மின் வடிய வடியத் தாழ்ந்துகொண்டே போகும். பற்றறியோடு சமாந்தரமாக இணைத்த இவ்வடுக்கு 12.6 உவோற்றிலிருந்து, இன்வேட்டர் நின்றுவிடும் 10.5 உவோற்றுவரை இறங்குகையில் எமக்குத் தருவது 3.4 உவாற்று மணியே. ஒன்பது உவாற்று விளக்கொன்று இருபது நிமிடம் எரியும். ஆயிரம் உவாற்றுச் சுமையாயின் பன்னிரண்டு விநாடி. 24, 48 உவோற்று அமைப்புகளில் கலங்களின் தொகை கூடுமேயன்றிக் கணக்கின் போக்கு மாறாது.

இவ்வகைக் கலங்கள் கிலோகிராமுக்கு ஐந்தாறு உவாற்று மணியே கொள்வன. ஆயிரம் உவாற்று மணி கொள்ளும் 'சூப்பர் கப்பாசிற்றர்' என்று எழுதிய பெட்டியை ஒருவர் கையால் தூக்கிவந்து வைப்பாராயின், உள்ளே இருப்பது வேறு ஏதோ பற்றறி என்று ஐயுறுதல் தகும். உண்மையாயின் அது 160 கிலோகிராமுக்கும் மேற்பட்ட நிறையுடையதாதல் வேண்டுமே!

அங்ஙனமாயின் இதனாற் பயனில்லையோ? உண்டு. குளிர்சாதனப் பெட்டியும் நீரிறைக்கும் மோட்டாரும் தொடங்கும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பழகித் தளர்ந்த ஈய அமிலப் பற்றறியின் அழுத்தம் அக்கணத்தில் சரிய, இன்வேட்டர் நின்றுவிடும். உட்டடை குறைந்த மீக்கொள்ளளவி அக்கணத்தைத் தாங்கிக்கொள்ளும். இது மெய்யான உதவி. ஆனால் வீட்டுப் பற்றறிகள் பெரும்பாலும் மாள்வது அக்கணத்தினாலன்று. ஒவ்வோரிரவும் அடிவரை வடியவிடுவதனாலும், மழைக்காலத்தில் நிறைய ஏற்றாது நாட்கணக்கில் விடுவதனாலும், தகரக் கூரையின் கீழ் வெப்பத்தில் வைப்பதனாலும் அவை மாள்கின்றன. இவற்றுள் ஒன்றையேனும் கொள்ளளவி மாற்றாது. வெப்பம் அதன் ஆயுளையும் குறைப்பதே. இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றறியைத் தக்க அளவில் வாங்கியோர்க்கு இத்துணை பெரும்பாலும் வேண்டியதேயில்லை.

கிணற்று மோட்டாருக்காகவே இதை வாங்க எண்ணுவோர் அதனை மெல்லத் தொடக்கும் கருவியின் விலையை முதலில் விசாரிப்பாராக. அதினும் எளிய வழி, நண்பகல் வெயிலில் நீரை மேல்தொட்டிக்கு ஏற்றிவிடுதல். ஆறு மீற்றர் உயரத்தில் ஆயிரம் லீற்றர் நீர் 16 உவாற்று மணி ஆற்றலைத் தாங்கி நிற்கின்றது. மேலே கணக்கிட்ட ஆறு கலங்களும் நிறைந்து நிற்பதற்கு ஏறத்தாழச் சமம்! நம் முற்றங்களில் நிற்கும் தொட்டிகளை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

இணைக்க முனைவோர்க்கு எச்சரிக்கை ஒன்றுண்டு. வெறுமையான கொள்ளளவியைப் பற்றறியோடு நேரே தொடுத்தால் குறுஞ்சுற்றுப் போலவே பொறி பறக்கும். தடையொன்றின் வழியாக மெல்ல ஏற்றிய பின்னரே தொடுத்தல் வேண்டும். கலங்களின் அழுத்தத்தைச் சமப்படுத்தும் சுற்று இன்றேல், ஒன்று 2.7 உவோற்றைக் கடந்து கெடும். அதன்பின் மற்றவையும் நிலைப்பதரிது.

யூபிலி நினைவாக இன்னுமொரு வளைவு கட்டலாமென்ற பேச்சு எழுவதுண்டு. அதற்காகும் செலவில் ஒரு சிறு பங்கைக்கொண்டு பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் ஒரு சோதனை மேசை அமைக்கலாம். ஒரு பழைய பற்றறி, ஆறு கலங்கள், ஒரு மோட்டார், பதிவுசெய்யும் உவோற்றுமானி ஆகியன போதும். கொள்ளளவியோடும் அஃதின்றியும் மோட்டாரைத் தொடக்கி, அழுத்தம் எவ்வளவு சரிகின்றதென்பதை உயர்தர வகுப்பு மாணவர் அளந்து, அவ்வளவைகளைச் சுவரில் ஒட்டட்டும். வாங்க எண்ணும் பெற்றோர் வந்து பார்த்துச் செல்லட்டும்.