விலை கேட்கும் முன் கையைப் பாருங்கள்!



விடுமுறை வந்தால் அப்பா, அம்மாவோடு ஊர் சுற்றக் கிளம்பி விடுகிறீர்கள். கோவில் பார்க்கிறீர்கள், கடற்கரையில் விளையாடுகிறீர்கள். திரும்பும்போது கடைத்தெருவில் ஏதாவது வாங்கி வருகிறீர்கள். நல்லது தான். ஆனால், ஒன்றை மட்டும் பார்க்காமல் வந்து விடுகிறீர்கள் என்பது என் எண்ணம். அந்த ஊர்ப் பொருளைச் செய்கிற கைகளைத்தான் சொல்கிறேன்.

தென்மாவட்டத்துக்கு ஒரு பயணம் போவதாக வைத்துக் கொள்வோம். கோவில்பட்டி, தூத்துக்குடி, பத்தமடை என்று மூன்று ஊர்கள். இரண்டே நாளில் பார்த்து விடலாம்.

கோவில்பட்டி என்றதும் நாக்கில் எச்சில் ஊறுமே! ஆம், கடலைமிட்டாய். 2020ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வறுத்த கடலையும் வெல்லமும் எல்லா ஊரிலும் இருக்கின்றன. வித்தை பாகில் இருக்கிறது. பாகு காயும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். அது கரையாமல் கெட்டியாக நிற்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் மிட்டாய் பிசுபிசுக்கும். கொஞ்சம் பிந்தினால் கருகிக் கசக்கும். இந்தப் பதம் கண்ணுக்கும் கைக்கும் தான் தெரியும்.

அடுத்தது தூத்துக்குடி மக்ரூன். முந்திரிப் பருப்பு, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு இவ்வளவு தான் சரக்கு. ஐரோப்பாவில் பாதாம் பருப்பில் செய்வதை, இங்கே முந்திரியில் செய்கிறார்கள். அந்த முந்திரி மரத்தை 16ம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். ஒரு சின்ன மக்ரூனுக்குள் எவ்வளவு பெரிய வரலாறு, பார்த்தீர்களா?

அறிவியலும் இருக்கிறது. வெள்ளைக்கருவை அடிக்க அடிக்க, அதிலுள்ள புரதம் காற்றைப் பிடித்து வைத்துக் கொள்கிறது. அதனால் தான் நுரை மலை போல எழும்புகிறது. மஞ்சள் கரு கொஞ்சம் கலந்து விட்டாலும், அதிலுள்ள கொழுப்பு நுரையை எழும்ப விடாது. பிறகு இளஞ்சூட்டில் நிதானமாக வேக வைக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு மக்ரூன் வராது!

மூன்றாவது, தாமிரபரணிக் கரையோரப் பகுதியிலுள்ள பத்தமடை. கோரைப் புல்லை வெட்டி, காய வைத்து, மெல்லிசாகக் கிழித்து, தண்ணீரில் நாள் கணக்கில் ஊற வைத்து, சாயம் ஏற்றி, பருத்தி நூலோடு சேர்த்துத் தறியில் நெய்கிறார்கள். கல்யாணப் பாயில் மணமக்களின் பெயரையும் சேர்த்தே நெய்து விடுவார்கள். நயமான பட்டுப்பாயைத் துணி போல மடிக்கலாம். அப்படி ஒரு பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும்.

இங்கே தான் என் வருத்தமும் இருக்கிறது. பாயின் விலையைக் கேட்டதும், "இவ்வளவா? பிளாஸ்டிக் பாய் இதில் கால்வாசி தானே!' என்கிறோம். ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் அப்பாவின் ஒரு நாள் சம்பளம் 600 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். 15 நாள் வேலைக்கு எவ்வளவு? 9,000 ரூபாய். அதே 15 நாள் உட்கார்ந்து நெய்தவருக்கு மட்டும், "பாதி விலைக்குத் தருவீர்களா?' என்று கேட்பது நியாயமா? பிளாஸ்டிக் பாய் கூடாது என்று சொல்லவில்லை. அதற்கும் உபயோகம் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்று தான் சொல்கிறேன்.

உழைப்புக்கு ஏற்ற கூலி இல்லாவிட்டால், நெய்கிறவரின் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போகத் தான் செய்வார்கள். அது அவர்கள் தவறு அல்ல. ஆனால், ஒரு தலைமுறை கைவிட்டால் அந்த வித்தை அதோடு போய்விடும். புத்தகத்தைப் படித்து மட்டும் அதைத் திரும்பக் கொண்டு வர முடியாது.

"நாங்கள் சின்னப் பிள்ளைகள், என்ன செய்ய முடியும்?' என்று கேட்கிறீர்களா? முடியும். வீட்டில் நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள். தானே செய்து பார்த்தவனுக்குத்தான் பிறர் உழைப்பின் அருமை தெரியும். 1937ல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில், கைத்தொழில் வழியாகப் பாடம் கற்பிக்க வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தியதும் இதனால் தான். வகுப்பில் கணக்குக்குத் தடுமாறிய எத்தனையோ பிள்ளைகள், கையில் ஓலையைக் கொடுத்ததும் அளந்து, மடித்து, அழகாகப் பின்னியதை ஆசிரியராக நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக பிஸ்கட் செய்யுங்கள். ஒரு கப் மைதா, அரை கப் பொடித்த சர்க்கரை, அரை கப் நெய். பிசைந்து, சின்ன உருண்டைகளாக்கித் தட்டுங்கள். ஓவன் இல்லையா? கவலை வேண்டாம். குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, பிஸ்கட் தட்டை வையுங்கள். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். சிறு தீயில் 20 நிமிடம் போலப் பிடிக்கும். அடுப்பு வேலை முழுக்க பெரியவர்களுடையது. பிசைவதும் தட்டுவதும் உங்களுடையது. பையன்களே, நழுவாதீர்கள். சமையல் தங்கைக்கு மட்டும் உரிய பாடம் அல்ல!

முதல் தடவை பிஸ்கட் கோணலாக வரும், சில உடையும். பரவாயில்லை. பாட்டிக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துச் சாப்பிடுங்கள். சிரித்துப் பேசிக் கொண்டே செய்த அந்த ஒரு மணி நேரம் எந்தக் கடையிலும் விற்காது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் மாவைச் சிந்துவார்கள், பசையை ஒட்டுவார்கள். திட்டாதீர்கள். துடைத்தால் போய்விடும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, "இதை எப்படிச் செய்கிறீர்கள் அண்ணா?', "இதற்கு எத்தனை நாள் ஆகும் அக்கா?' என்று அன்போடு கேளுங்கள். அவர்கள் முகம் மலரும். அதன்பின் விலையைக் கேளுங்கள். அது அதிகமாகத் தோன்றாது.

செய்வீர்கள் தானே, செல்லங்களே?