நாற்பது வயது மாணவிக்குப் பாடம் எடுப்பது

மருத்துவப் பயிற்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக எம்.பி.பி.எஸ். மாணவர்களே நினைவுக்கு வருவார்கள். வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பயிற்சிக்கென்று வந்து உட்கார்கிறவர்களின் பட்டியல் இன்னும் நீளமானது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் ஹவுஸ் சர்ஜன்கள், இருபது வருடம் சர்வீஸ் போட்ட ஸ்டாஃப் நர்ஸ்கள், 108 ஆம்புலன்ஸின் அவசர மருத்துவ உதவியாளர்கள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் மகளிர் குழுப் பெண்கள் எல்லாரும் அதில் உண்டு. தொழிற்சாலைகளின் முதலுதவிப் பொறுப்பாளர்களும் உண்டு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், அதைக் கவனிக்கச் சான்றிதழ் பெற்ற ஓர் ஆளும் வேண்டும் என்று விதித்தது. இவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பம் உண்டு, வேலை உண்டு. படிப்பை விட்டுப் பல வருடம் ஆகியிருக்கும்.

வளர்ந்தவர்கள் கற்கும் விதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அமெரிக்கரான மால்கம் நோல்ஸிடமிருந்துதான் தொடங்குவார்கள். வளர்ந்தவர் அனுபவத்தைச் சுமந்துகொண்டு வருகிறார். எதற்காகக் கற்கிறோம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார். இன்றைய வேலைக்கு உதவுவதையே முதலில் கேட்கிறார் என்பது அவருடைய வாதம். 1970-இல் வெளிவந்த அவரது புத்தகம் சிறுவர் கல்வியையும் வளர்ந்தோர் கல்வியையும் எதிரெதிராக நிறுத்தியது. 1980-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த எதிர்நிலையை அவரே தளர்த்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாதையாக மாற்றிக்கொண்டார். அந்தத் திருத்தம்தான் இங்கே பொருந்துகிறது. நீட் கோச்சிங்கில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே பழகிய பதினெட்டு வயது மாணவர் சட்டப்படி மேஜர். கற்பதில் இன்னும் பள்ளிப் பிள்ளை. வார்டையே கட்டி மேய்க்கும் நாற்பத்தைந்து வயது சிஸ்டருக்கோ, பயிற்சி வகுப்பில் கைகட்டி உட்காரும் பள்ளிப் பிள்ளையின் இடம்தான் கிடைக்கிறது. அந்த மாணவரை வளர்ந்தவராக நடத்துவது ஒரு தவறு, இந்த சிஸ்டரைப் பிள்ளையாக நடத்துவது இன்னொரு தவறு. இரண்டாவதுதான் பெரியது. அதைப் பற்றிப் பேசுகிறவர்களும் குறைவு.

அந்தத் தவறின் வழக்கமான வடிவம் ஒருநாள் பயிற்சி. ஏசி அறை, எண்பது சிலைடு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, டீ, பிஸ்கட், சான்றிதழ். மருத்துவர்களுக்கான தொடர் கல்வியைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து டேவ் டேவிஸ் குழுவினர் 1999-இல் வெளியிட்ட கட்டுரை, வெறும் சொற்பொழிவு மருத்துவர்கள் வேலை செய்யும் விதத்தை மாற்றுவதில்லை என்றும், கலந்துரையாடலும் செய்துபார்ப்பதும் சேர்ந்த பயிற்சிகளே மாற்றுகின்றன என்றும் சொன்னது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் சிலைடுகள் குறையவில்லை. சொற்பொழிவுக்குச் செலவு குறைவு, கணக்குக் காட்டுவதும் சுலபம் என்பதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ராயபுரத்துக்கு இதைவிடப் பழைய வழி ஒன்று தெரியும். 1782-இல் பஞ்ச காலத்தில் ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்தது ஸ்டான்லி ஆஸ்பத்திரி. 1938-இல் கல்லூரியாவதற்கு முன் ராயபுரம் மருத்துவப் பள்ளியாக இருந்தபோது எல்.எம்.பி. வைத்தியர்களை உருவாக்கியது. நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பதுதான் இத்தகைய ஆஸ்பத்திரிப் பள்ளிகளின் பலம். ஆனால் புறநோயாளிப் பிரிவில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது பேராசிரியருக்கு ஏது நேரம்? இதற்கென்றே அமெரிக்கக் குடும்ப மருத்துவர் ஜான் நெஹரும் அவருடைய சகாக்களும் 1992-இல் ஐந்து படிகள் கொண்ட ஒரு முறையை எழுதிவைத்தார்கள். சில நிமிடங்கள் போதும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஐம்பது வயதுக்காரர் இருமலோடு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஹவுஸ் சர்ஜன் கேஸைச் சொல்லி முடித்ததும் பேராசிரியர் விடையைச் சொல்லிவிடாமல், “உனக்கு என்னன்னு தோணுது?” என்று கேட்கிறார். “டி.பி.யா இருக்கலாம் சார்.” “எதை வச்சுச் சொல்றே?” “மூணு வாரமா இருமல். சாயங்காலக் காய்ச்சல். பெல்ட்டுல ரெண்டு ஓட்டை உள்ளே போயிருக்காம்.” அடுத்து ஒரே ஒரு பொதுவிதி: “சர்க்கரை இருந்தா டி.பி. வர்ற வாய்ப்பு ரெண்டு மூணு மடங்கு. ஒண்ணு இருந்தா இன்னொண்ணையும் தேடணும்.” பிறகு சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வது: “எடை குறைஞ்சதைப் பெல்ட்டை வச்சுக் கேட்டே பாரு, அது நல்ல கேள்வி.” கடைசியாகத் திருத்தம்: “சுகர் பார்க்கச் சொல்லலை. இப்பவே எழுது.” முதல் கேள்விதான் இங்கே முக்கியம். ஒரு முடிவைச் சொல்லி மாட்டிக்கொண்டவர் அடுத்து வரும் விளக்கத்தைக் கவனமாகக் கேட்பார். “வெரி குட்” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. எது நன்று என்று தெரிந்தால்தான் நாளையும் அதைச் செய்ய முடியும்.

கைவேலையைக் கற்றுக்கொடுப்பது இன்னும் நுணுக்கமானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், குழுப் பெண்களின் கையில் பிரஷர் மெஷினையும் சுகர் மெஷினையும் கொடுத்தது. டிஜிட்டல் மெஷின்தானே, பட்டனை அமுக்கினால் எண் வந்துவிடும் என்று தோன்றும். தப்பான எண்ணும் அதே வேகத்தில்தான் வரும். கை தொங்கினால் அளவு கூடும், பேசிக்கொண்டிருந்தால் கூடும், கஃப் சிறிதாக இருந்தால் கூடும், டீ குடித்த கையோடு பார்த்தாலும் கூடும்.

அறுவை சிகிச்சை நிபுணர் ராட்னி பெய்ட்டன் 1998-இல் சொன்ன நான்கு படிகள் இதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகின்றன. பயிற்சியாளர் முதலில் பேசாமல், இயல்பான வேகத்தில் செய்துகாட்டுகிறார். அடுத்து ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி மெதுவாகச் செய்கிறார். மூன்றாவதாக, கற்பவர் சொல்லச் சொல்ல அவர் சொன்னதை மட்டும் செய்கிறார். நான்காவதில் கற்பவரே சொல்லிக்கொண்டு செய்கிறார். மூன்றாவது படிதான் இதில் உயிர்நாடி. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். “கஃப்பைக் கட்டுங்க, பட்டனை அமுக்குங்க” என்று கற்கும் குழுப் பெண் சொன்னால், ரவிக்கைக் கையின் மேலேயே கட்டிவிட்டு, தொங்கும் கையோடு பயிற்சியாளர் பேசாமல் இருக்க வேண்டும். “ஐயோ, கையைத் தூக்கி வையுங்க மேடம்!” என்று அவரே சொல்லும்வரை காத்திருப்பதுதான் பாடம்.

அதற்குப் பிறகு வரும் கேள்விகள் எந்தக் கையேட்டிலும் இருக்காது. “காசிமேட்டுல பாதி வீட்டுல சேரே கிடையாது மேடம், என்ன பண்றது?” சுவரில் சாய்ந்து உட்கார வைத்து, தலையணையோ மடித்த போர்வையோ வைத்துக் கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தலாம். “விடியக்காலம் போட்டிலிருந்து வந்தவுடனே கையை நீட்டுறாங்க.” ஐந்து நிமிடம் உட்கார வைத்து, அதற்குள் மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லி எண்ணிப் பார்க்கலாம். வீடுகளை அறிந்தவர் அந்தப் பெண். இதயத்தை அறிந்தவர் மருத்துவர். இரண்டும் சேர்ந்தால்தான் சரியான எண் கிடைக்கும்.

நினைவில் நிற்கும் வழி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படித்ததையே திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததைத் தானே நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள் என்று ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் காட்டினார்கள். மாதக் கூட்டத்தின் முதல் பத்து நிமிடம், போன மாதத்துப் பாடத்திலிருந்து மதிப்பெண் இல்லாத ஐந்து கேள்வி போதும். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்துப் பாடம் எடுப்பது இன்னமும் பயிற்சிக் கையேடுகளில் உலவுகிறது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இலேயே ஹெரால்ட் பாஷ்லர் குழு சொல்லிவிட்டது.

அபாயத்துக்கான பயிற்சிக்கு எண்ணூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீட்டைவிட்டு ஓடினார்கள். இதையே ஒத்திகையின் கதையாக வைத்தால், 108 உதவியாளர்களும் தொழிற்சாலை முதலுதவியாளர்களும் ‘ஒரு கற்பனை நகரத்தில்’ என்று தொடங்கும் பாடத்தைவிட ஆழமாக இறங்குவார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? எந்தத் தெரு வழியாக ஆட்களைக் கூட்டிப் போவது? அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும் வாயு. அதனால்தான் ஈரமான கண்ணையும் தொண்டையையும் முதலில் தாக்குகிறது, கண்ணைக் கால் மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியிருக்கிறது. குரல் கம்மிப்போனவரை வண்டியில் முதலில் ஏற்ற வேண்டும், தொண்டை வீங்கி மூச்சு அடைக்கலாம் என்பதால். ஒத்திகையைவிட முக்கியமானது அது முடிந்ததும் உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம்: என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தோம், அடுத்த முறை எதை மாற்றுவது. போட்டோ எடுத்துக் கலைந்துவிட்டால் சைரன் சத்தம்தான் மிச்சம்.

கடைசியில் மதிப்பீடு. ஜார்ஜ் மில்லர் 1990-இல் நான்கு நிலைகளை வகுத்தார்: அறிந்திருப்பது, எப்படி என்று சொல்லத் தெரிவது, செய்துகாட்டுவது, அன்றாடம் செய்வது. எழுத்துத் தேர்வு முதல் இரண்டைத் தாண்டாது. ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி தேர்வில், மாணவர் மேசை மேசையாகப் போய்ச் செய்துகாட்ட வேண்டும். அது மூன்றாவதைத் தொடும். 2019 முதல் எம்.பி.பி.எஸ். படிப்பு திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்துக்கு மாறி, மாணவர் கையால் செய்து தேற வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, பதிவேட்டையும் கட்டாயமாக்கியிருக்கிறது. நான்காவது நிலையை வேலையிடத்தில்தான் பார்க்க முடியும். சுகாதார நிலையத்துச் செவிலியர் மாதத்தில் ஒரு காலை மகளிர் குழுப் பெண்ணோடு நான்கு வீடு போய்வந்தால் அது நடக்கும். வீட்டுக்காரர் முன்னால் குறுக்கே பேசக் கூடாது. அந்தத் தெருவில் அந்தப் பெண்ணுக்கு இருக்கும் மதிப்பு போய்விட்டால் நாளை யாரும் கையை நீட்ட மாட்டார்கள். வெளியே வந்து நடந்துகொண்டே சரியாகச் செய்த ஒன்றையும் மாற்ற வேண்டிய ஒன்றையும் சொல்லி, இரண்டையும் பதிவேட்டில் குறித்துக்கொண்டால், அடுத்த மாதம் எதைப் பார்க்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.