பழக்குவது வேறு, படிப்பது வேறு

மாட்டை ஏருக்குப் பழக்குவார்கள். போ, திரும்பு, நில். இவ்வளவுதான் பாடம். நிலம் யாருக்குச் சொந்தம், விளைஞ்சது எவன் வீட்டுக்குப் போகுது என்பதெல்லாம் அதில் வராது. பயிற்சி 'எப்படி' என்று சொல்லித் தரும். கல்வி 'ஏன்' என்று கேட்க வைக்கும். நம்ம மக்களுக்கு இந்தச் சாதிச் சமூகம் 'எப்படி'யைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தது. 'ஏன்' என்ற கேள்வியைத்தான் பூட்டி வைத்தது.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மூணு மணி நேரம். மீதி நேரம் அப்பன் தொழில். மக்கள் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். செருப்புத் தைப்பது, துணி வெளுப்பது, முடி வெட்டுவது எல்லாம் உண்டு. குடும்பவழித் தொழிலையும் குரு - சீடன் மரபையும் வளர்ப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். பயிற்சி தருவாங்க, கருவி தருவாங்க, கடனும் தருவாங்க. பிறந்த தொழிலைவிட்டு வெளியேற வழி கேட்டால் பதில் இல்லை.

வேலையிடத்துக்கு வருவோம். சாக்கடைத் தொழிலாளிக்குக் கையுறை மாட்டவும் கவசம் போடவும் பயிற்சி தருகிறார்கள். தரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் குழிக்குள்ளே இருப்பது என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாத்தமே தெரியாது. 'நாத்தம் போயிருச்சு, பயமில்ல' என்று நினைக்கிற நேரம்தான் சாவு நேரம். அது காற்றைவிடக் கனம், குழியின் அடியில் தேங்கும். துணி முகமூடி அதைத் தடுக்காது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுகிறார். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சாவது இதனால்தான்.

இதைத் தெரிஞ்சவர் கையுறையோடு நிற்கமாட்டார். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை உண்டு என்று ஒப்பந்தக்காரனிடம் சொல்வார். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம் என்ற உச்சநீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது என்பதையும் சொல்வார். பயிற்சி பெற்றவர் பத்திரமாக இறங்குவார். கற்றவர் இறங்க மறுப்பார். முதலாளிக்கு முதல் ஆள்தான் பிடிக்கும்.

அப்ப பயிற்சியே வேணாமா என்று தோழர்கள் கேட்கலாம். வேணும். கைமலம் அள்ளியவர் மாற்றுத் தொழில் கற்கும் காலத்தில் மாதம் 3000 ரூபாய்க்குக் குறையாமல் உதவித்தொகை தர வேண்டும் என்று அதே 2013 சட்டம் சொல்கிறது. அது வெளியேறும் கதவு, அதைத் தட்டித் திறக்க வேண்டியது நம்ம வேலை. ஐடிஐயில் வெல்டிங் படிக்கிற தம்பி உலோகம் ஏன் உருகுது, ஏன் விரிசல் விடுது என்றும் படிக்கணும். நாளைக்கு மெஷின் மாறும். பழக்கப்பட்ட கை மெஷினோடு சேர்ந்து வெளியே போகும். காரணம் தெரிஞ்சவர் அடுத்த மெஷினுக்கு நகர்வார்.

அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பம்பாயில் அதன் சித்தார்த் கல்லூரி கலையும் அறிவியலும் சொல்லித் தரத் திறந்தது. நம்ம பிள்ளைக்குக் கைத்தொழில் போதும் என்று அவர் நினைக்கவில்லை. அவர் தந்த முழக்கத்தின் முதல் சொல் 'கற்பி'.

சேரியில் மாலை வகுப்பு நடத்தும் மாணவத் தோழர்களே, எந்தப் பயிற்சி முகாம் வந்தாலும் நம்ம ஆட்களோடு கூடவே போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வேலையின் ஆபத்துக்குக் காரணம் என்ன? சட்டம் என்ன சொல்லுது? இதைவிட்டு வெளியேற வழி எது? பதில் வராத முகாமில், அந்த மூன்றையும் சொல்லித் தரும் வேலை உங்களுடையது.

- ஆசிரியர் குழு