விதையே முதல்

பட்டம் பெற்ற இளைஞர்கள் அரசுப் பணியையே எதிர்நோக்கிக் காலம் கழிக்காமல் நாற்றுப் பண்ணை வைக்க முன்வருவது பாராட்டத்தக்கது. அதற்கு இலத்தூர்ப் பகுதி ஏற்ற இடமுமாகும். மதுரைச் சாலை ஒருபுறம், செங்கோட்டைச் சாலை மறுபுறம். அனுமன் நதியின் ஈரமும் குற்றாலச் சாரலின் குளிர்ச்சியும் அருகிலேயே உள்ளன.

எனினும், அவர்கள் தொழிலைத் தொடங்கும் முறை எனக்கு உடன்பாடன்று. கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதியை இரும்புக் குழாய்க்கும் நெகிழிக் கூரைக்கும் செலவிட்டுப் பசுமைக்குடில் எழுப்புகின்றனர். விதையைப் பற்றிய எண்ணம் கடைசி வாரத்தில்தான் வருகிறது. அதுவும் கடையில் கிடைத்த பொட்டலத்தோடு முடிந்துவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்று எத்தகையது என்பதற்குத் தென்காசி வட்டாரத்தில் நிற்கும் காற்றாலைகளே சான்று. அக்காற்றில் நெகிழிக் கூரை எத்தனை பருவம் தாங்கும்? தொடக்க நிலையில் சவுக்குக் கம்புகளின் மேல் கட்டிய ஐம்பது விழுக்காட்டு நிழல்வலை போதும். குழித்தட்டு, அடியில் துளையிட்ட பை, செம்மண், மணல், மக்கிய தொழு உரம் இவை போதிய அளவில் இருக்கட்டும். தென்னை நார்க்கழிவை மட்டும் மக்கவைக்காமல் பயன்படுத்தலாகாது.

விதைதான் இத்தொழிலின் உண்மையான முதல். எல்லா விதைக்கும் ஒரே பக்குவம் பொருந்தாது. கத்தரி, மிளகாய் விதைகளை முற்றிப் பழுத்த கனியிலிருந்து எடுத்து, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத கலத்தில் வைத்தால் அடுத்த பருவத்துக்கு உதவும். வெங்காய விதையோ ஓராண்டுக்குள் முளைப்புத்திறன் குன்றிவிடும். விதைக்குமுன் நூறு விதைகளை ஈரத்துணியில் சுற்றிவைத்து முளைத்தவற்றை எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்தால் நாற்றழுகல் குறையும்.

வேப்பம் வித்து சில வாரங்களிலேயே உயிரிழக்கும். குற்றால மலைத் தோட்டங்களில் விளையும் சாதிக்காயும் மங்குசுத்தானும் உலர்த்தினாலே மடிந்துவிடும். பழத்திலிருந்து எடுத்த ஈரம் காயுமுன் ஊன்ற வேண்டும். உலர்த்திக் காப்பதே விதைப் பக்குவம் என்று படித்தவன் இங்கே தோற்றுப்போவான்.

சாதிக்காயில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையிலிருந்து வளர்த்த கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாகவே அமையும். அது பூக்கும்வரை, அதாவது ஆறேழு ஆண்டுகள்வரை, விற்றவனும் அறியான், வாங்கியவனும் அறியான். பெண் மரத்துக் குச்சியை ஒட்டிய கன்றுக்கே உறுதி உண்டு. ஏழாண்டு நீரூற்றிய சிறு உழவன் காய்க்காத மரத்தின் அடியில் நின்று யாரைக் கேட்பான்?

வாணிகம் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. எடையில் குறைந்தால் தராசு அங்கேயே காட்டிவிடும். கன்றில் குறைந்தால் பல்லாண்டு கழித்தே தெரியும். ஆகவே விதைக் கன்றா, ஒட்டுக் கன்றா, தாய்மரம் எங்குள்ளது என்பதை ஒவ்வொரு கன்றிலும் எழுதிக் கட்டுவதே முறை. 1966ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விதைச் சட்டம் நாற்றையும் ஒட்டுக் கன்றையும் விதை என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்கியது. விதை விற்போர் உரிமம் பெற வேண்டுமென 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணை விதித்தது. சட்டத்துக்கு அஞ்சித்தான் எழுத வேண்டும் என்பதில்லை. எழுதாதவன் கடைக்கு இரண்டாம் முறை யாரும் வாரார்.

ஊர்ப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த வீட்டு மா ஆண்டு தவறாமல் காய்க்கிறது, எந்தத் தோட்டத்துப் பலா இனிக்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள். அந்த மரங்களில் வித்தும் ஒட்டுக்குச்சியும் எடுத்துக்கொள்ள இவ்விளைஞர்களை அனுமதியுங்கள். மனை விற்பனைக்காக நல்ல மரங்கள் பலவும் வெட்டப்பட்டு வருகின்றன. எஞ்சியவை நிற்கும்போதே இது நடக்க வேண்டும்.