இரண்டாம் விசாரணை வேண்டா!

கல்லூரியில் பயிலும் மாற்றுத் திறனாளி மாணவர் ஒருவரின் கையில் ஒரு கடிதம் இருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை, பெரிய எழுத்தில் வினாத்தாள், விடையைக் கேட்டு எழுத ஓர் உதவியாளர், விரிவுரையை ஒலிப்பதிவு செய்துகொள்ள இசைவு ஆகியவற்றுள் அவருக்கு எவை தேவையோ அவற்றை ஆராய்ந்து கல்லூரி நிருவாகமே ஒப்புதல் அளித்திருக்கிறது. அக்கடிதம் விரிவுரையாளரின் மேசைக்கு வருகிறது. அங்கேதான் சிக்கல் பிறக்கிறது. "உன்னைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்பார் ஒருவர். "மற்ற மாணவர்க்கு இது அநீதி அல்லவா?" என்பார் இன்னொருவர். "என் வகுப்பில் இப்படிப்பட்ட வழக்கம் இல்லை" என்று ஆணையிடுவார் மூன்றாமவர். முடிந்துபோன வழக்கை மீண்டும் எடுத்து விசாரிக்கும் நீதிபதியாக விரிவுரையாளர் மாறிவிடுகிறார். இந்த இரண்டாம் விசாரணை சட்டத்திற்கும் பொருந்தாது, கல்விக்கும் பொருந்தாது, அறத்திற்கும் பொருந்தாது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எளிதில் கிடைத்த கடிதமா?

அக்கடிதம் கேட்டவுடன் கிடைத்ததன்று. மருத்துவரிடமோ உளவியல் வல்லுநரிடமோ சோதனை செய்துகொள்ள வேண்டும். அறிக்கை பெற வேண்டும். படிவம் நிரப்ப வேண்டும். அறிமுகமற்ற அலுவலர் ஒருவரின் முன் அமர்ந்து தம் இடர்ப்பாட்டைத் தம் வாயாலேயே விவரிக்க வேண்டும். நம் சமுதாயத்தில் இது சிறு செயலா? பிள்ளைக்கு ஒரு குறை உண்டென்று வெளியே தெரிந்தால் நாளை திருமணப் பேச்சில் இடர் வருமோ என்றஞ்சி, உற்றார் உறவினர்க்கும் சொல்லாமல் மறைக்கும் பெற்றோர் இன்றும் உளர். 'மக்கு', 'சோம்பேறி', 'கவனமில்லை' என்று பள்ளிப் பருவம் முழுதும் ஏச்சுக் கேட்டு வளர்ந்து, கல்லூரிக்கு வந்த பின்னரே தமக்கு எழுத்துக் கற்றலில் குறைபாடு இருப்பதை அறிந்துகொள்வோரும் உளர். இத்துணைத் தடைகளையும் தாண்டி வந்த ஒருவரை வகுப்பறை வாயிலில் நிறுத்தி, 'உனக்கு என்ன நோய்?' என்று வினவுவது கொடுமையன்றி வேறென்ன?

ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் கண்ணுக்குத் தெரியும். ஒரு காது கேளாமையும், எழுத்துகளை இனங்காண்பதில் நேரும் தடுமாற்றமும், மனச்சோர்வும் கண்ணுக்குத் தெரியா. தெரியாதது இல்லாதது ஆகிவிடுமா?

மலேசியாவில் மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. உடற்குறை காரணமாக எவரையும் பொதுக்கல்வி முறையிலிருந்து விலக்கலாகாது என்று அதன் 28ஆம் பிரிவு கூறுகிறது. அரசு மட்டுமன்றித் தனியார் கல்வி நிலையங்களும் தக்க கருவிகளையும் பாடப்பொருள்களையும் கற்பிக்கும் முறைகளையும் வழங்க வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. சமூக நல இலாகாவின் பதிவில் 7 வகைகள் உண்டு. கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்ட மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் உறுதிப்படுத்தின. அதன் 24ஆம் விதி உயர்கல்வியையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. எஸ்.பி.எம். தேர்விலும் இத்தகைய மாணவர்க்குக் கூடுதல் நேரம் வழங்கப்படுகிறது. ஆகவே, இது நேற்று முளைத்த அயல்நாட்டுப் புதுமை என்று எவரும் தள்ளிவிட இயலாது.

ஆயினும் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டு நிறைவேறிய வடிவில், கடமையை மறுக்கும் கல்வி நிலையத்திற்கு அச்சட்டம் தண்டனை விதிக்கவில்லை. தண்டனை இல்லாத இடத்தில் சட்டம் யார் கையில் உயிர் பெறுகிறது? ஆசிரியர் கையில்தான். அவர் மனம் வைத்தால் சட்டம் நடக்கும். அவர் முகம் சுளித்தால் அது தாளோடு நின்றுவிடும். 'ஊனமுற்றோர்' என்னும் பழஞ்சொல்லை விலக்கி 'மாற்றுத் திறனாளி' என்று மேடைதோறும் முழங்குகிறோம். சொல் மாறியது, வகுப்பறை மாறியதா?

சமநீதி என்பது யாது?

எதிர்ப்போரின் முதல் வாதம் சமநீதி பற்றியது. எல்லார்க்கும் மூன்று மணி நேரம் என்றால் ஒருவருக்கு மட்டும் ஏன் மேலும் 45 நிமிடங்கள் என்று கேட்கின்றனர். இதற்கு விடை கூறுமுன் ஒன்று கேட்போம்: தேர்வு எதனை அளக்கிறது? சிலப்பதிகாரத் தாள் மாணவரின் காப்பிய அறிவை அளக்கிறதா, கை விரலின் வேகத்தை அளக்கிறதா? பார்வையுள்ள மாணவர் வினாத்தாளின் மீது ஒருமுறை கண்ணோட்டினால் வேண்டிய வரியைக் கண்டுகொள்வார். பார்வையற்ற மாணவரோ கணினி படிக்கும் குரலை வரி வரியாகக் கேட்க வேண்டும்; ஒரு சொல்லைத் தவறவிட்டால் மீண்டும் பின்சென்று கேட்க வேண்டும். அந்த 45 நிமிடங்கள் அவருக்குக் கிடைத்த பரிசல்ல. அவரிடமிருந்து ஏற்கனவே பறிபோன நேரம் திரும்பி வருகிறது, அவ்வளவே. பாடத்தைப் படிக்காத ஒருவரை மேலும் மூன்று மணி நேரம் உட்கார வைத்தாலும் விடை ஊறி வருமா? கூடுதல் நேரம் அறிவைத் தருவதில்லை. இருக்கும் அறிவு வெளிப்பட வழி தருகிறது.

இரண்டாம் வாதம், தரம் தாழ்ந்துவிடும் என்பது. வினா அதுவே, விடைக்குரிய மதிப்பெண் அதுவே, திருத்துவோரும் அவரே. தரம் எங்கே தாழ்ந்தது? இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். எழுத்திலக்கணமும் பிழையற எழுதுதலுமே பாடமாக உள்ள தாளில், எழுத்துப் பிழையைக் கருதாது விடுவது அப்பாடத்தின் நோக்கத்தையே சிதைக்கக்கூடும். விரிவுரையாளருக்கு அத்தகைய ஐயம் எழுவது இயல்பே. அவ்வையத்தைக் கடிதம் வழங்கிய அலுவலகத்தோடு பருவத் தொடக்கத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்வது அவருடைய உரிமை; கடமையுமாகும். அதை விடுத்துத் தாமே தீர்ப்பெழுதி, தேர்வு நாளன்று மாணவரைக் கைவிடுவது உரிமையன்று.

மூன்றாம் வாதம், 'நாளை வேலைக்குப் போனால் யார் கூடுதல் நேரம் தருவார்?' என்பது. வேலையிடத்தில் பிழை திருத்தும் கணினி உண்டு. உரக்கப் படிக்கும் கருவி உண்டு. உடன் பணிபுரிவோரைக் கேட்டறியும் வாய்ப்பும் உண்டு. இவை அனைத்தையும் விலக்கிவிட்டு, ஒரு தாளும் ஒரு பேனாவுமாக ஆளை அடைத்து வைக்கும் இடம் தேர்வு மண்டபம்தான்.

விரிவுரையாளர் செய்யத்தக்கன

நல்லெண்ணம் மட்டும் போதாது. செய்முறை வேண்டும். பருவத்தின் முதல் வாரத்திலேயே, 'ஏற்பாடு தேவைப்படுவோர் என்னைத் தனியே வந்து காணலாம்' என்று வகுப்பு முழுமைக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும். வருபவரிடம் நோயின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. 'இப்பாடத்தில் உனக்கு எது இடராக இருக்கும்?' என்று கேட்டால் போதும். அவர் பெயரை வகுப்பறையில் உரைத்தலும், 'இவருக்கு மட்டும் நேரம் அதிகம்' என்று பலர் அறியக் கூறுதலும் ஆகா. கடிதத்தில் உள்ளது கமுக்கமாகவே இருத்தல் வேண்டும்.

முன்னறிவிப்பின்றி நடத்தும் சிறு சோதனைகளைப் பலர் கண்டிப்பின் அடையாளமாகக் கருதுகின்றனர். வகுப்பின் இறுதிப் பத்து நிமிடங்களில் வைக்கும் சோதனையில் கூடுதல் நேரம் எங்கிருந்து வரும்? அடுத்த வகுப்பினர் கதவருகே காத்து நிற்பார்கள். கடிதம் வழங்கிய உரிமையைக் கடிகாரம் பறித்துக்கொள்ளும். சோதனையை முன்னரே அறிவித்தால் இத்தொல்லை இல்லை. ஒப்படைப்பு நாளைத் தள்ளி வைக்கக் கடிதம் இடம் தந்தால், புதிய நாளை எழுத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும். 'பிறகு பார்ப்போம்' என்பது ஏற்பாடன்று, அலைக்கழிப்பு.

கரும்பலகையைச் சுட்டி 'இதைப் பாருங்கள்' என்றால் பார்வையற்றவர்க்கு அதனால் என்ன பயன்? எழுதுவதை வாயாலும் சொல்லுதல் வேண்டும். உதட்டசைவைக் கண்டு பொருள் கொள்பவர்க்குப் 'படம்' என்பதும் 'மடம்' என்பதும் ஒன்றுபோலவே தோன்றும். பலகையை நோக்கித் திரும்பிக்கொண்டு பேசினால் அந்த உதட்டசைவும் மறைந்துபோகும். ஆதலின் மாணவரை நோக்கிப் பேசுதலும், புதிய சொற்களைப் பலகையில் எழுதுதலும் இன்றியமையாதன.

தமிழ் கற்பிப்போர் தனியே கருத வேண்டியனவும் உள. நம் வகுப்புகளில் பழைய நூல்களைப் படமாகப் பிடித்து மாணவர்க்கு வழங்குகிறோம். உரக்கப் படிக்கும் கருவிக்குப் படம் வெறும் வெற்றுத்தாளே. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்புகளோ பொருளற்ற ஒலிக்குவியலாய் வெளிவரும். ஒருங்குறியில் அமைந்த பாடக் குறிப்பைத்தான் அக்கருவி ஒழுங்காகப் படிக்கும். அதனையும் பாடம் நடக்குமுன் தர வேண்டும். நடந்து முடிந்தபின் தந்து பயனென்ன? எழுத்துக் கற்றலில் குறைபாடுடையோர்க்கு நம் வரிவடிவம் தரும் இடரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'கெ' என்பதில் உயிரின் குறி முன்னே நிற்கிறது. ஒலியோ பின்னே வருகிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. லகர ளகர ழகரமும், ணகர னகரமும் நல்ல கண்ணுடையாரையே மயக்குவன. அம்மயக்கத்தை அறிவின்மை என்று முடிவுகட்டுவது மொழியாசிரியர்க்கு அழகன்று.

நம் மரபு கூறுவது

நன்னூலைக் கற்காத தமிழாசிரியர் இலர். ஆசிரியரை நிலத்தோடும் மலையோடும் துலாக்கோலோடும் மலரோடும் ஒப்பிடும் நூல் அது. கற்பிக்குங்கால் மாணவன் கொள்ளும் வகையறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்பதும் அந்நூலின் விதியே. இன்று கல்லூரி அலுவலகம் தரும் கடிதம் வேறென்ன சொல்கிறது? இம்மாணவர் கொள்ளும் வகை இது என்றே அது சொல்கிறது. நூற்பாவை மனப்பாடமாகச் சொல்லி, கடிதத்தைக் கண்டு சினப்பது முரணல்லவா?

இரட்டைப் புலவர் கதையையும் நாம் வகுப்புதோறும் பெருமையோடு சொல்கிறோம். ஒருவர்க்குப் பார்வை இல்லை; மற்றவர்க்கு நடக்க இயலாது. பார்வையற்றவர் தோளில் நடக்க இயலாதவர் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர் ஊராய்ச் சென்று, ஒரு செய்யுளின் ஒரு பாதியை ஒருவரும் மறுபாதியை மற்றவரும் பாடினர் என்பது வரலாறு. ஒருவர் தோளை மற்றவர் பயன்படுத்தியது முறைகேடு என்று எந்தப் புரவலரும் பரிசிலைக் குறைத்ததாகக் கதை இல்லை. அவர்களைப் போற்றும் நாம், நம் வகுப்பில் இருக்கும் ஒருவருக்கு ஓர் உதவி எழுத்தரைத் தர முகம் சுளிக்கலாமா?

நிருவாகத்தினர்க்கும் ஒரு சொல். கடிதம் எழுதிக் கையொப்பமிட்டதோடு தம் கடமை முடிந்ததென்று அவர்கள் இருந்துவிடலாகாது. தனி அறைக்கும் கண்காணிப்பாளருக்கும் ஏற்பாடு செய்யாமல், மணிக்கணக்கில் ஊதியம் பெறும் பகுதிநேர விரிவுரையாளரின் தலையில் அனைத்தையும் சுமத்துவது நேர்மையன்று. சுமை மிகும்போது சினம் மாணவர் மீதே பாய்கிறது. சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் 2014ஆம் ஆண்டு முதல் இப்பணிக்கெனவே ஆதரவு அலுவலகங்கள் அமைந்தன. நம் கல்லூரிகளிலும் பெயரளவிற்கன்றி, ஆளும் பொருளும் உள்ள அலுவலகங்கள் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறும் குரல் விரிவுரையாளரிடமிருந்தே எழ வேண்டும்.

தமிழ் பயிலும் மாணவர்களே, உடன் பயில்வோர் ஒருவர்க்கு 45 நிமிடங்கள் கூடக் கிடைத்தால் உங்கள் மதிப்பெண்ணில் ஒன்றும் குறையாது. குறைந்தது போலப் பேசுவோரிடம் அதை எடுத்துச் சொல்லுங்கள். தமிழாசிரியப் பெருமக்களே, அடுத்த பருவத்தில் உங்கள் மேசைக்கு அப்படியொரு கடிதம் வரும். அதனைத் தருபவரின் கை சற்றே நடுங்கலாம். எத்தனை இடங்களில் மறுக்கப்பட்ட கை அது என்பதை நீங்கள் அறியீர்கள். விசாரணை முடிந்துவிட்டது. ஒப்புதலும் ஆகிவிட்டது. உங்களிடம் அவர் தீர்ப்பு வேண்டி வரவில்லை. பாடம் கேட்க வந்திருக்கிறார். கடிதத்தை வாங்கிப் படித்து, 'எப்போது உட்கார்ந்து பேசலாம்?' என்று கேளுங்கள். அவர் கல்வி அங்கிருந்து தொடரட்டும்.